அழித்த தேதிகள்

மருமகளிடம் வீட்டிலேயே படித்த பேத்தியின் பழைய பாடநூல்களை விற்கும் பொறுப்பு, ஓய்வுபெற்ற அதிகாரியான என்னிடம் வந்தது. முறைப்படி செய்வோமே என்று, கணக்குப் புத்தகத்தில் இருந்த பென்சில் எழுத்தையெல்லாம் இரண்டு நாள் உட்கார்ந்து ரப்பரால் அழித்தேன்.

பூன் லேயிலிருந்து ஒரு தாய் வந்தார். மகனை வீட்டில் வைத்துப் படிப்பிக்க அனுமதி கேட்டு, ஆண்டு முழுவதற்குமான பாடத்திட்டத்தை அந்த வாரமே அவர் கல்வி அமைச்சுக்கு அனுப்பியாக வேண்டும். எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே கல்மேசையில் புத்தகத்தைப் புரட்டியவரின் முகம் வாடியது.

"அங்கிள், பாடம் முடிச்ச தேதியெல்லாம் எங்க?"

"மருமக எழுதினதா? அழிச்சுட்டேன். சுத்தமா இருக்குல்ல?"

"ஐயோ, அதுக்குத்தானே பழசு வாங்க வந்தேன்! எந்தப் பாடத்துக்கு எத்தனை நாள் ஆகும்னு புதுப் புத்தகம் சொல்லுமா?"

விண்ணப்பங்களைச் சரிபார்த்தே தலை நரைத்தவன் நான். எனக்கு இது தோன்றவே இல்லை. அவரோ கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பென்சில் அழுந்திய தடங்களிலிருந்து தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பின்னத்துக்கு மட்டும் ஏழு வாரம் ஆகியிருந்தது.

"என் பையனுக்கு ஒன்பது போடணும்," என்று குறித்துக்கொண்டார்.

படிவம் நிரப்ப உதவட்டுமா என்று கேட்டேன்.

"அத நான் பாத்துக்கிறேன் அங்கிள். நீங்க அறிவியல் புத்தகத்த அழிக்காம வச்சிருந்தா போதும் லா."