முழங்கால் வலி என்று நான் சொன்ன பொய்

போன மே மாதம் நானும் மனைவியும் இமாச்சலத்துக்குப் போயிருந்தோம். அங்கே குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாடும் ஒரு மலை இருக்கிறது. கோடையில் பனி இருக்காது. நாற்காலிகள் தொங்கும் இழுவைக் கம்பி ஓடாமல் நிற்கும், அதன் கீழே மாடுகள் மேயும். அந்தச் சரிவில் நடந்தே ஏறுவது என்று முடிவாயிற்று.

முடிவு செய்தது நானல்ல. மனைவியுடன் அவள் பிறந்த தேயிலை மலை ஊரான சித்திரபுரத்தில் படித்த நண்பர் ஒருவர் இந்த மலையடியில் ஓர் ஓட்டலில் வேலை பார்த்தார். அவர்தான் அழைத்துப் போனார்.

கல்யாணமாகி எங்கள் ஊரான பெருமாட்டிக்கு வந்த இந்தப் பன்னிரண்டு வருடங்களில் என் மனைவி எங்கள் கொங்குப் பேச்சுக்கு மாறிவிட்டிருந்தாள். அவரைப் பார்த்த நிமிடமே எஸ்டேட் பேச்சு திரும்பிவிட்டது.

"ஏ பிள்ள, நம்ம பள்ளிவாசல் எஸ்டேட்டு ஏத்தம் ஞாபகம் இருக்கா?" என்றார் அவர்.

"மறக்குமா? அட்டை கடிச்சதுக்கு நீ அழுத அழுகைய!"

இருவரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. எங்கள் ஊரில் ஏறுவதென்றால் தென்னை மரம்தான். அதற்கும் ஆள் வைத்திருக்கிறோம். நான் இருபது அடி பின்னால், அவள் முதுகைப் பார்த்தபடி இரைத்துக்கொண்டு நடந்தேன். என்னோடு நடக்கும்போது அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை என்று தோன்றியது.

பாதி தூரத்தில் ஒரு கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"முழங்கால் புடிச்சுக்கிச்சு. இனி ஏற முடியாது."

"அண்ணே, நீங்க இங்கனயே இருங்க. அரை மணி நேரத்துல நாங்க உச்சியப் பாத்துட்டு வந்துருதோம்" என்றார் அவர்.

அவள் ஒருமுறை மேலே பார்த்தாள். "வேண்டாம். இவர விட்டுட்டு எப்படி?" என்று என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். மூவரும் இறங்கினோம்.

அறையில் அவள் தைலம் தேய்த்துவிட்டபோது என்னால் தாங்க முடியவில்லை. "வலியெல்லாம் ஒண்ணுமில்ல புள்ள" என்றேன்.

"தெரியுமுங்க. எறங்கறப்ப எனக்கு முன்னால நடந்தீங்களே. முட்டி வலிக்கறவங்க அப்படி நடப்பாங்களா?"

"அப்பறம் ஏன் திரும்புன?"

"உங்க மூஞ்சி அப்படி இருந்துச்சு." தைலப் புட்டியை மூடினாள். "ஆனா எனக்கு மேல போகணும்னு இருந்துச்சுங்க. மலை ஏறி எத்தன வருசமாச்சு."

மறுநாள் காலை அவள் தனியாகவே போனாள். நண்பருக்கு அன்று வேலை. அவரிடம் அவள் சொல்லவுமில்லை. நானும் வரட்டுமா என்று கேட்டதற்கு, "நீங்க வந்தா உங்க வேகத்துக்கு நான் நடக்கணும்" என்றாள். கீழே தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து அவளுடைய சிவப்பு ஸ்வெட்டர் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாருமே இல்லாமல் அவள் ஏறினாள். அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மூன்று மணி நேரம் கழித்துக் கன்னம் சிவந்து வந்தாள்.

"உச்சியில பாறை இடுக்குல கொஞ்சம் பனி மிச்சம் இருந்துச்சுங்க. எடுத்துத் தின்னுட்டேன்" என்று சிரித்தாள். முந்தின நாள் அவரோடு சிரித்த அதே சிரிப்பு.

எனக்கும் அவளுக்குமாக இரண்டு தேநீர் சொன்னேன்.