பின்சீட்டில் நாய் இல்லை

நாயின் காதுக்குள்ளிருந்து கரும்பழுப்பு அழுக்கைப் பஞ்சில் எடுத்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, "பூஞ்சைதான்" என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து நிம்மதியாகச் சாப்பிட உட்காருகிறவள் என் சித்தி. வீடு வீடாகப் போய் நாய் குளிப்பாட்டுவது அவள் தொழில். முடி வெட்டுவாள், நகம் வெட்டுவாள், உண்ணி பொறுக்குவாள், வயதான நாய்களுக்குப் பின்புறத்தில் இருக்கும் சுரப்பியைப் பிதுக்கிச் சுத்தம் செய்வாள். அந்தக் கடைசி வேலையைப் பற்றி அவள் பேச்செடுத்தாலே சித்தப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

எனக்கு வேலை கிடைத்தது அவர்கள் ஊரில். அதனால் அவர்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். சித்திக்கு எதைப் பார்த்தாலும் குமட்டாது என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். கார் வாங்கிய வாரத்தில்தான் அவளுக்குக் குமட்டியதைப் பார்த்தேன்.

அதற்கு முன் வைத்திருந்த வண்டி ஒரு மழை நாளில், சிக்னலில், பச்சை விழுந்த நேரத்தில் செத்துப்போயிற்று. பின்சீட்டில் ஒரு பல் டாக்டரின் பெரிய நாய். அவருடைய கிளினிக்கில் குளிப்பாட்டி, பாதி காய்ந்த நிலையில் அவர் வீட்டில் விடக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஹாரன் சத்தம். நாய் நடுங்கி, சீட்டிலேயே மூத்திரம் போய், கதவைப் பிறாண்டியது. டாக்டர் அதைத் தன் குடியிருப்பு முழுவதும் சொல்லிவிட்டார். சித்தியின் வாடிக்கைகளில் பாதி அந்தக் குடியிருப்பில்தான் இருந்தது. அத்தனையும் ஒரே வாரத்தில் கைவிட்டுப் போயின. இன்னொரு முறை வண்டி நடுவழியில் நின்றால் மிச்சமும் போய்விடும்.

நகரத்துக்குள் நின்று நின்று ஓட்டுகிறவர்களுக்கு, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் கார்தான் கட்டுப்படியாகும் என்று அவளுக்குத் தெரிந்த மெக்கானிக் சொல்லியிருந்தார். புதிது வாங்க வழியில்லை. பழையதில் ஒரே பயம், பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரி. அது போனால் மாற்றுகிற செலவில் பாதி கார் வாங்கிவிடலாம். அப்படி ஒரு செலவு வந்தால் சித்தி வண்டியை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அதனால் வாரண்டியோடுதான் வாங்குவது என்று முடிவு செய்திருந்தாள்.

நானும் சித்தியும் போன, பழைய கார் விற்கும் இடத்தின் அலுவலகத்தில் எலுமிச்சை வாசனை அடித்தது. அதற்கு அடியில் சிகரெட், அதற்கும் அடியில் ஈரக் கம்பளம். மேஜைக் கண்ணாடியில் யாரோ வைத்து எடுத்த தேநீர்க் கோப்பையின் வட்டம் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. விற்பனைப் பையன் ஒவ்வொரு தாளைப் புரட்டும்போதும் விரலை நாக்கில் வைத்தான். அந்தத் தாளைத்தான் பிறகு எங்கள் பக்கம் நகர்த்தினான். கார் விலை பேசி முடிக்கும்வரை சித்தி அவனுக்கு "மேடம்". வாரண்டிப் பேச்சு தொடங்கியதும் "அக்கா" ஆகிவிட்டாள்.

"அக்கா, ஹைபிரிட்டுக்கு ரெண்டு இதயம். ஒண்ணு பெட்ரோல், ஒண்ணு பேட்டரி. எது நின்னாலும் மன நிம்மதி போச்சு."

"எனக்குத் தம்பி ஒருத்தன் இருக்கான். அவன் படுத்துற பாடே போதும். மேடம்னே கூப்பிடுங்க."

"சரிங்க அக்கா."

வெள்ளி, தங்கம், வைரம் என்று மூன்று திட்டங்கள். வெள்ளியில் பேட்டரி கிடையாது. தங்கத்தில் பேட்டரி உண்டு, பாதிச் செலவு நம்முடையது. வைரத்தில் எல்லாம் உண்டு. எதை எடுத்தாலும் அவர்களுடைய சர்வீஸ் பேக்கேஜையும் சேர்த்தே எடுக்க வேண்டும். வெளியே எங்காவது ஆயில் மாற்றினால்கூட வாரண்டி செத்துவிடும்.

"எல்லாம்னா?" என்றாள் சித்தி.

"எல்லாமேதான் அக்கா. தேய்மானம் தவிர."

"பேட்டரி தேயாதா?"

"தேயும். ஆனா பழுதுன்னு வந்தா குடுத்துருவாங்க. தேய்மானம்னு வந்தாத்தான் கிடையாது."

"பழுதா தேய்மானமான்னு யாரு சொல்றது?"

"கம்பெனியிலேர்ந்து ஒரு ஆளு வந்து பாப்பாரு."

"அவரு யாரு ஆளு?"

"கம்பெனி ஆளுதான்." அவன் சிரித்தான். ஈறு முழுக்கத் தெரிந்தது. "அதெல்லாம் விடுங்க அக்கா. நிம்மதிக்கு வெல உண்டா? வண்டி சொந்த உபயோகத்துக்குத்தானே?"

"தொழிலுக்கு. நாய் குளிப்பாட்டுறேன். சில நாள் நாயும் வண்டியில வரும்."

அவன் பேனாவை மூடி வைத்தான். திரும்பி யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு முன்னால் குனிந்தான். வாயில் போட்டிருந்த புதினா மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினான்.

"இத நீங்க சொல்லல, நான் கேக்கல. தொழில்னு போட்டா வெள்ளி மட்டும்தான். சொந்த உபயோகம், மிருகம் ஏத்துறதில்லன்னு ஒரு கையெழுத்து போட்டுட்டீங்கன்னா வைரம். எல்லாரும் போடுறதுதான்."

சொல்லிவிட்டுக் கண்ணடித்தான். ஈ ஒன்று வந்து முகத்தில் உட்கார்ந்து எழுந்த மாதிரி இருந்தது எனக்கு.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தோம். அவன் வாசல் வரை வந்து சித்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் உள்ளே போனதும் சித்தி பைக்குள்ளிருந்து, நாய்களின் பாதம் துடைக்க வைத்திருக்கும் ஈரத்தாளை எடுத்து அந்தக் கையை விரல் விரலாகத் துடைத்துக்கொண்டாள். இரண்டாவது தாளும் எடுத்தாள்.

சித்தப்பா மருந்துக் கிடங்கு ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். சுத்தக்காரர். கைக்குட்டையைப் போட்டுத்தான் கதவுப் பிடியைத் திருகுவார். அவருடைய சட்டைகள் சித்தியின் வேலைத் துணிகளோடு ஒரே மெஷினில் சுற்றக் கூடாது. ஒரு முடி ஒட்டியிருந்தால் சட்டையையே மாற்றிவிடுவார்.

அன்று ராத்திரி விஷயத்தைக் கேட்டதும், "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். "காகிதத்துலதானே. உன் வண்டியில நாய் ஏறுதா ஆடு ஏறுதான்னு எவன் எட்டிப் பாக்கப் போறான்?"

"பேட்டரி போன அன்னிக்குப் பாப்பான்."

"அன்னிக்கு நல்லா சுத்தம் பண்ணிட்டுக் கொண்டு போ."

"யாரு, நீங்க பண்ணுவீங்களா?"

சித்தப்பாவின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சித்தி என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லேன். அங்கேயும் சுவத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்த. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துருமா?"

"எனக்கு அந்த ஆளைப் பிடிக்கல சித்தி."

"அவனையா வாங்கப் போறோம்? காரைச் சொல்லுடா."

மறுநாள் காரைச் சோதிக்க மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் பின்சீட்டின் பக்கவாட்டில் இருந்த சின்ன பிளாஸ்டிக் ஜன்னலைக் கழற்றினார். "இதுதான் பேட்டரிக்கு மூக்கு. இந்த வழியாத்தான் காத்து போகணும். அடைச்சா சூடாகும், சூடானா சீக்கிரம் செத்துரும்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே இருந்த ஃபில்டரை இழுத்தார்.

ஃபில்டரோடு ஒரு சாம்பல் நிறப் படலம் உரிந்து வந்தது. முடி, பிஸ்கட் தூள், வெட்டிப்போட்ட மனித நகங்கள், பாதி உருகிக் காய்ந்த ஏதோ ஒரு மிட்டாய், அதில் ஒட்டிய காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி. எல்லாம் சேர்ந்து கம்பளியாக நெய்யப்பட்டிருந்தன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சித்தி ஒரு துணுக்கைப் பிய்த்து விரலிடுக்கில் தேய்த்தாள்.

"பூனை" என்றாள்.

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். "முன்னாடி வச்சிருந்த புண்ணியவானும் மிருகம் ஏத்துறதில்லன்னுதான் எழுதிக் குடுத்திருப்பாரு!"

பிறகு ஒரு கருவியை மாட்டி, பேட்டரியின் ஒவ்வொரு பகுதியையும் பார்த்தார். "இன்னிக்கு நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு நான் பொறுப்பில்ல. வருஷத்துக்கு ஒரு தடவ கொண்டு வாங்க, பாத்துச் சொல்றேன். ஆனா இந்த ஃபில்டர வாரா வாரம் எடுத்துத் தட்டணும். உங்க பொழப்புக்கு அதுதான் முக்கியம்."

வீட்டுக்கு வரும் வழியில், "கையெழுத்துப் போட்டுரலாம்னுதான் தோணுது" என்றாள் சித்தி. "அந்த நாய் என்னைப் பாத்த பார்வை இருக்கே, கண்ணுலயே நிக்குது. இன்னொரு தடவ தாங்காது."

அவள் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை. போடட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

கார் எடுக்கப் போன அன்று சித்தப்பாவும் வந்தார். நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு, நுனியில் உட்கார்ந்தார். விற்பனைப் பையன் எல்லாத் தாள்களையும் தயாராக அடுக்கி வைத்திருந்தான்.

"சார் நேத்தே போன்ல எல்லாம் சொல்லிட்டாரு அக்கா. வைரம் போட்டாச்சு. குடும்ப உபயோகம், மிருகம் கிடையாது, தொழில் இல்லத்தரசி. நீங்க கையெழுத்து மட்டும்..."

"தொழில் என்ன?"

"இல்லத்தரசி."

"யாரு சொன்னா?"

"சார்தான்."

சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"நாய் குளிப்பாட்டுறவள்னு போட்டா குடுக்க மாட்டாங்களே. அதான் ஒரு பேச்சுக்கு..."

"உங்க ஆபீஸ்ல என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

"அது வேற, இது வேற."

"என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "கால்நடை ஆஸ்பத்திரியில உதவியாளர்னு."

"அந்த வேலைய விட்டு எத்தனை வருஷமாச்சு?"

சித்தப்பா கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தார். இது எனக்கே புதிது. சித்தப்பாவின் அலுவலக விருந்துகளுக்குச் சித்தி ஏன் போவதில்லை என்று நான் யோசித்ததே இல்லை. உடம்பு அசதி என்று அவர்தான் எப்போதும் சொல்லுவார்.

"அக்கா, குடும்ப விஷயத்தை வீட்ல வச்சுக்கலாம். இப்போ நிம்மதியா ஒரு கையெழுத்து..."

"வாயை மூடுங்க தம்பி" என்றாள் சித்தி. அவள் முகம் சுளித்திருந்தது. அழுகிய காதையும் சீழையும் பார்த்துச் சுளிக்காத முகம். "நாய்க்குப் பின்னாடி நான் பிதுக்கி எடுக்கறதுகூட இப்படி நாறாது. நாய் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு, பேட்டரி போன அன்னிக்கு நான் வண்டிக்குள்ள மண்டி போட்டு முடி பொறுக்கணும். நான் பாக்கற வேலைய நானே ஒளிச்சு வைக்கணும். வீட்ல ஒருத்தர் ஒளிச்சு வச்சது போதும்."

"அப்போ வெள்ளி மட்டும்..."

"வெள்ளியும் வேணாம், பித்தளையும் வேணாம். சாவியக் குடுங்க."

"கொஞ்சம் யோசிடி" என்றார் சித்தப்பா. "பேட்டரி போனா எங்கேர்ந்து எடுத்து வைப்ப?"

"தெரியாது."

உண்மையில் அவளுக்குத் தெரியாது. தெரியாமல்தான் சாவிக்குக் கையை நீட்டினாள். விற்பனைப் பையனின் இளிப்பு காணாமல் போய், அவள் மறுபடியும் மேடம் ஆகியிருந்தாள். வாரண்டி வேண்டாம் என்று கார் வாங்குபவரே சொன்னதாக ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

"இதுல தொழில் எங்க எழுதணும்?"

"இதுல தொழில் கேக்கல மேடம்."

"கேக்கலன்னாலும் எழுதுறேன்." பெயருக்குக் கீழே, கொட்டை எழுத்தில், நாய் குளிப்பாட்டுபவர் என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

முதல் சிக்னலில் எஞ்சின் சத்தம் நின்றது. ஹைபிரிட் அப்படித்தான், நிற்கும்போது எஞ்சின் ஓய்வெடுக்கும். தெரிந்திருந்தும் சித்தியின் விரல்கள் ஸ்டியரிங்கை இறுக்கின. பச்சை விழுந்து வண்டி நழுவி நகர்ந்த பிறகுதான் மூச்சு விட்டாள். சித்தப்பா பின்சீட்டில், எதிலும் சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஃபில்டர் உங்க வேல" என்றாள் சித்தி, கண்ணாடியில் அவரைப் பார்த்தபடி.

"நானா?"

"பின்ன? இனிமே என் வைரத் திட்டம் நீங்கதான்."

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை சித்தி வேலைக்குக் கிளம்பத் தயாராகி, உலர்த்தும் மெஷினை வாசலில் வைத்துவிட்டு, வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து நின்றாள். நகரவில்லை. சித்தப்பா முகமூடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு வந்தார். கையுறையோடு அந்தச் சின்னக் கொக்கி பிடிபடவில்லை. வழுக்கி வழுக்கிப் போயிற்று.

"கையால எடுங்க. உடைச்சிராதீங்க."

வெறுங்கையால் இழுத்தார். அந்த வாரத்து முடி, இன்னும் ஈரம் போகாமல், ஷாம்பூவும் நாய் வாடையுமாக அவர் விரல்களில் சுற்றிக்கொண்டது.  முகமூடியைக் கீழே இழுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் குப்பை போட வெளியே வந்தவர் நின்றுவிட்டார்.

"என்ன சார் அது, செத்த எலியா?"

"முடி. நாய் முடி."

"நாய் வளக்குறீங்களா? சொல்லவே இல்லயே!"

சித்தி மெஷினைத் தூக்கி முன்சீட்டில் வைத்தாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை. சித்தப்பா கையை உடம்பில் படாமல் எட்டப் பிடித்துக்கொண்டு, கசப்பு மருந்தை வாயில் வைத்துக்கொண்டவர் மாதிரி நின்றார்.

"வளக்கல" என்றார். "என் வீட்டுக்காரி நாய் குளிப்பாட்டுறா. அதான் தொழில்."

முகத்தில் சுளிப்பு அப்படியே இருந்தது.

"ஃபில்டரத் திருப்பி மாட்டுங்க" என்றாள் சித்தி. "பல் டாக்டர் வீட்டுக்குக் கீழ் வீட்ல வரச் சொல்லியிருக்காங்க. நேரமாச்சு."