அத்தை எழுதவிடாத வரி

விழுப்புரத்தில் பத்திரப்பதிவு ஆபீசுக்கு எதிர்ச்சாரியில், ஒரு ஜெராக்ஸ் கடையின் பாதியில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவன் நான். இருபத்தைந்து வருஷமாக இதுதான் பிழைப்பு. பிள்ளைகளுக்குச் சொத்தைத் தானமாக எழுதிக் கொடுக்க வரும் பெரியவர்களுக்காக என் கம்ப்யூட்டரில் ஒரு வரி எப்போதும் தயாராக இருக்கும். கடைசிவரை பராமரிக்க வேண்டும், தவறினால் ரத்து என்கிற வரி. அதைக் கேட்டதும் மகன்களின் முகம் சுருங்கும். நான் விடமாட்டேன். "இது இல்லாம கையெழுத்துப் போடாதீங்க பெரியவரே" என்று சண்டை பிடித்தே எழுத வைப்பேன். எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம். என் சொந்த அத்தைக்கு நான் அந்த வரியை எழுதவில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. விழுப்புரத்தை ஒட்டிய காணை ஊர்ப் பக்கம் வீடு. மாமா போன பிறகு, இருந்த அந்த ஒரு வீட்டையும் ஒரே மகன் பேருக்கு எழுதிவிடலாம் என்று கிளம்பி வந்தாள். மகன், தலை நிறைய பூவோடு மருமகள், பங்காளிகள் நாலு பேர், ஒரு லட்டு டப்பா. கல்யாணக் களைதான். எங்கள் பக்கத்தில் பத்திரத்தை உறவுக்காரர்கள் மத்தியில் உரக்க வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. நானும் வாசித்துக்கொண்டு வந்தேன். அந்த வரிக்கு வந்து 'உணவு' என்று ஆரம்பித்ததுமே அத்தை கையைத் தூக்கினாள்.

"நிறுத்துடா. இன்னா இது? பெத்த புள்ளகிட்ட சோத்துக்கு எழுதி வாங்கறதா? ஊரு பூரா சிரிக்கும்."

"நான் இன்னா மச்சான், எங்கம்மாவப் பட்டினியா போட்டுடுவேன்?" என்றான் அவள் மகன். அவன் கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை, அன்றைக்கு அது நிஜக் கண்ணீர்தான்.

பங்காளிகள் என்னை முறைத்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. வேறு யாராவது என்றால் பிடிவாதம் பிடித்திருப்பேன். வாசித்த தாளிலேயே அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, வரி இல்லாமல் புதிதாகப் பிரிண்ட் எடுத்தேன். லட்டு சாப்பிட்டேன். இரண்டு சாப்பிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு காலையில், நான் குடியிருக்கும் திண்டிவனத்தில், என் வீட்டு வாசலில் அத்தை நின்றாள். கையில் ஒரு மஞ்சப்பை. "சும்மா உங்கள எல்லாம் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள்.

நாலு நாள் ஆனது, பத்து நாள் ஆனது. தினமும் காலையில் புடவையை மடித்துப் பையில் வைப்பாள். "இன்னிக்கிக் கெளம்பிடறேன்" என்பாள். மத்தியானம்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருப்பாள். அப்புறம் புடவையை வெளியே எடுப்பாள். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் பொங்கும். யார் மேல் என்று தெரியாத எரிச்சல். அவள் பையில் இருந்த சர்க்கரை மாத்திரை அட்டைகள் எல்லாம் காலி என்பதை என் மனைவிதான் கண்டுபிடித்தாள். சமையல்கட்டில் வைத்து மெல்லப் பேச்சுக் கொடுத்ததில் விஷயம் வெளியே வந்தது. மகன் குடும்பத்தோடு மாமியார் ஊருக்குப் போய்விட்டான். "நாலு நாளு மச்சான் வூட்ல இரும்மா" என்று சொல்லி அத்தையைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டான். பூட்டு புதுசு.

அந்த வாரமே டீக்கடையில் இன்னொரு பத்திர எழுத்தர் என் காதோரம் வந்தார். "உங்க அத்த வூட்ட விக்கக் கெரயப் பத்திரம் டைப் பண்ணிக்கினு இருக்காங்க, தெரியுமா?" டம்ளரைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். வீடு மூன்றாம் ஆள் கைக்குப் போய்விட்டால் அத்தைக்குத் திரும்பக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

வழி இருந்தது. முதியோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் வெள்ளைத்தாளில் ஒரு மனு கொடுத்தால் போதும், வக்கீல்கூட வேண்டாம். எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனையின் பேரில்தான் கொடுத்தேன் என்று காட்ட வேண்டும். அதைக் காட்டுவதற்குத்தான் அந்த வரி. அதைத்தான் நான் அடித்துத் தொலைத்தேன்.

அத்தை மூன்று நாள் கையெழுத்துப் போட மறுத்தாள். "புள்ள மேல கேஸு போட்டவன்னு பேரு வாங்கறதா?"

"அப்ப தெருவுல நிக்கிறியா?" என்று கத்திவிட்டேன். ஒருநாளும் அத்தையை நான் ஒருமையில் பேசியதில்லை. என் மனைவி என்னை வெளியே தள்ளிவிட்டு, "கேஸு இல்லீங்க அத்த, சாவிதான் கேக்கறோம்" என்றாள். சாவி என்றதும் போட்டாள்.

அந்தக் கிரயத்தைப் பதியாமல் நிறுத்தச் சொல்லி மனுவின் நகலைப் பதிவு ஆபீசிலும் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஒரு உறுதியும் தரவில்லை. அதற்குப் பிறகு நான் ஒழுங்காக ஒரு பத்திரம் எழுதவில்லை. காணை என்று காதில் விழுந்தால் எந்த வீடு என்று பார்க்க எழுந்து ஓடுவேன். டோக்கன் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அத்தை மகன் நிற்கிறானா என்று ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்ப்பேன். பேஜாராகிப் போனது.

விசாரணை நாளன்று அவன் சலவைச் சட்டையில் வந்து அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்தான். அத்தை அவன் காலர் மடிப்பைச் சரி செய்தாள்! நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கோட்டாட்சியர் ஒரு அம்மா. நிதானமாகக் கேட்டார். "மகன் உங்களைக் கவனிச்சிக்கிறாராம்மா?"

அத்தை மகனைப் பார்த்தாள். "கவனிச்சிக்கிறான்."

"சாப்பாடு?"

"போடறான்."

"அப்புறம் எதுக்கும்மா இந்த மனு?"

அத்தை தரையைப் பார்த்தாள். அன்றைக்கு அந்த வரியை அடிக்கச் சொன்ன அதே வெட்கம்தான் இன்றைக்கு வாயையும் கட்டிப்போட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"மேடம், அவங்க சொல்றது பொய். அந்தப் பத்திரத்த எழுதினவன் நான்."

வாசித்துக் காட்டிய பழைய தாளை மேசைமேல் வைத்தேன். நல்லவேளை, அதைக் கோப்பிலிருந்து எடுத்து எறியாமல் வைத்திருந்தேன். அடித்த வரி பேனா மைக்குக் கீழே தெளிவாகத் தெரிந்தது. 'எங்கம்மாவப் பட்டினியா போட்டுடுவேன்?' என்று மகன் எல்லோர் முன்னாலும் கேட்டதையும் சொன்னேன்.

"யார் அடிச்சது?"

"நான்தான்."

"எத்தனை வருஷமா எழுதறீங்க?"

சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பிறகு மகன் பக்கம் திரும்பினார். "வீட்டுச் சாவி எங்க?" அவன் பாக்கெட்டிலிருந்து எடுத்தான். "அம்மாகிட்ட ஒண்ணு இருக்கா?" அத்தைதான் இல்லை என்று தலையாட்டினாள். அவள் வாய் சொல்லாததைத் தலை சொல்லிவிட்டது.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. பத்திரம் ரத்து, வீடு அத்தைக்கு. அதுவரை அவள் என்னோடு பேசவே இல்லை. "நாலு பேரு மத்தியில என் புள்ள மானத்த வாங்கிட்டான்" என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

சாவியை வாங்கிக்கொண்டு நான்தான் அவளைக் காணைக்குக் கூட்டிப்போனேன். கதவைத் திறந்தாள். மகன் சாமான் எல்லாவற்றையும் ஏற்கெனவே ஏற்றிக்கொண்டு போயிருந்தான். அவன் கல்யாணப் படம் இருந்த சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கி நிறுத்தச் சொன்னேனே, அத இப்ப முழுசா படி" என்றாள்.

அந்தத் தாளின் ஜெராக்ஸ் என் பையிலேயே இருந்தது. படித்தேன். "உணவு, உடை, மருத்துவம் கொடுத்து, இதே வீட்டில் வைத்து என்னை என் ஆயுள்வரை பராமரிக்க வேண்டியது. தவறினால் இந்தப் பத்திரத்தை ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டு."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் அத்தே."

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "இத எழுதியிருந்தா வூடும் இருந்திருக்கும், புள்ளயும் இருந்திருப்பான்" என்றாள்.