கறுப்பு மணல் மூட்டை

இரும்புலியூரில் ஏகநாதன் குடும்பமும் நாங்களும் பக்கத்துப் பக்கத்துக் குடித்தனம். நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே தட்டு விழுந்தால் இங்கே கேட்கும்.

ஏகநாதனும் அவர் அண்ணன் குப்புராஜும் கேஸ் பலூன் விற்றார்கள். கிருத்திகைக்குக் குன்றத்தூர், மற்ற நாட்களில் தாம்பரம் ஸ்டேஷன் வாசல். வாயுவை அவர்களே தயார் செய்வார்கள். பழைய இரும்பு சிலிண்டரில் தண்ணீர், காஸ்டிக் சோடா, அலுமினியச் சீவல் போட்டு மூடியை முறுக்கினால் உள்ளே கொதித்து வாயு வரும். நெருப்பைக் கண்டால் பிடித்துக்கொள்ளும் வாயு. எண்பத்தாறில் ஆடிக் கிருத்திகை அன்று, மலையடிவாரக் கூட்டத்துக்கு நடுவே, அந்த சிலிண்டர் வெடித்தது. குப்புராஜை ஒரு வேட்டியில் அள்ளிக் கொண்டுவந்தார்கள். ஏகநாதனின் தோளில் இரும்புத் துண்டு பாய்ந்திருந்தது.

காரியம் முடிந்த அன்று ஏகநாதனின் மனைவி சரசு சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"யோவ், அந்த சிலிண்டரு எமன் இனிமே இந்த வூட்டுக்குள்ள வரக்கூடாது. வந்துச்சுன்னா கொயந்தய தூக்கிகினு எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன்."

"எனக்கு வேற இன்னாடி தெரியும்?"

"மூட்டை தூக்கு."

தூக்கத்தான் போனார். தோள் தாங்கவில்லை. வெறுங்கையோடு திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

பின்தெருவில் அசரியா சார் இருந்தார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் எடுப்பவர். அவர் மனைவிக்குத் தைத்த ரவிக்கையைக் கொடுக்க நான் போயிருந்தபோது ஏகநாதன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"சார், எரியாத கேஸ் ஒண்ணு கீதாமே? அதுலயும் பலூன் மேல போவுமாமே?"

"ஹீலியம். ஆனா கப்பல்ல வர்ற சரக்குப்பா, உனக்குக் கட்டுப்படி ஆகாது."

"எங்கேர்ந்து சார் வருது?"

"பூமிக்குள்ளேர்ந்து. சில பாறையில யுரேனியம், தோரியம்னு இருக்கும். அது தானா சிதைய சிதைய, துளித் துளியா ஹீலியம் உண்டாகும். கோடிக்கணக்கான வருஷமா நடக்குது. மேல கெட்டியான பாறை மூடியிருந்தா உள்ளேயே அடைஞ்சு கிடக்கும். அமெரிக்காவுல எரிவாயு எடுக்கத் தோண்டினப்ப அதுவும் கூட வந்துச்சு. மூடி இல்லாத இடத்துல காத்தோட கலந்து, ஆகாசத்தையும் தாண்டிப் போயிடும்."

"நம்ம பக்கம் இல்லியா சார்?"

"மணவாளக்குறிச்சிக் கடற்கரையில கறுப்பு மணல் இருக்கு. அதுல தோரியம் உண்டு. ஹீலியமும் உள்ள சிக்கியிருக்கும், பழுக்கக் காய்ச்சினா வரும். ஆனா ஒரு மூட்டை மணலைக் காய்ச்சினாலும் ஒரு பலூன்கூட ரொம்பாதுப்பா."

சார் இதைச் சொல்லி முடிக்கும்போது ஏகநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தார்.

அந்த வாரமே நாகர்கோவில் பஸ் ஏறிப் போய் மூட்டையோடு வந்தார். பழைய இரும்புக் கடையில் ஒரு சிலிண்டரும் பிடித்தார். சரசு வாசலை மறித்து நின்றாள்.

"ஊரான் மண்ண எதுக்குய்யா சொமந்துகினு வந்தே?"

"இதுல எரியாத கேஸ் கீது."

"எரியாதுன்னு எங்கண்ணால பாக்கணும். அப்பறம்தான் அது உள்ள வரும்."

பலூன்காரர்களுக்கு வாயு என்றாலே சிலிண்டரும் சோடாவும்தான். வாசலில் வைத்தே மணலை அதில் கொட்டி, தண்ணீரும் சோடாவும் சேர்த்து மூடினார். இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. பிறகு அலுமினியச் சீவலை அள்ளிப் போட்டார்.

"மணலக் கிளப்பிவுடத்தாம்மா. புது மாவுல பழைய மாவு கலக்கறதில்ல?" என்றார் என்னிடம்.

சிலிண்டர் சூடானது. பலூன் உப்பி மேலே போனது. அண்ணன் செத்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சீவலும் சோடாவும் சேர்ந்தால் வருவது அதே பழைய வாயுதான், மணல் சும்மா அடியில் கிடந்திருக்கும் என்று அசரியா சார் சொன்னது, எல்லாம் முடிந்த பிறகுதான்.

சிலிண்டர் வெளியிலேயே நின்றது; பறந்துவிடாமல் இருக்க உள்ளே விட்ட பலூன்கள் மட்டும் மத்தியானத்துக்குள் அவர் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் அடைந்து நின்றன. குழந்தை என் இடுப்பில் இருந்தது. சரசுவை வாசற்படியில் நிறுத்திவிட்டு அவர் உள்ளே போனார்.

"நல்லா பாத்துக்க சரசு. இப்டி ஒரு கேஸ் கீதுன்னு அண்ணனுக்குத் தெரியாம பூட்ச்சி" என்று தீக்குச்சியைக் கிழித்தார்.

பலூன்கள் மொத்தமாக வெடித்ததில் நடுச்சுவர் எங்கள் பக்கம் பிதுங்கியது. சரசுவின் முன்முடி கருகியிருந்தது. உள்ளே போய் அவரை இழுத்து வந்ததும் அவள்தான். அவர் முகத்தில் பலூன் ரப்பர் உருகி ஒட்டியிருந்தது.

கண் இரண்டும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுக்குள்ளிருந்து அவர் சொன்னது, "மணலு பத்தல. சீவல் ஜாஸ்தியாயிடுச்சி."

சரசு அம்மா வீட்டுக்குப் போகவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். மீதி மணலை வாசல் பள்ளத்தில் கொட்டி மிதித்தாள். அவரைக் காலையில் அங்கேதான் உட்காரவைத்துவிட்டுப் போவாள். மழை நாளில் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் குமிழி விடும். சத்தம் வரும் பக்கம் அவர் தலை திரும்பும்.

"கேஸ் வருதா சரசு?"

"இல்ல. உள்ள வா, நனையாத."