ஆடுகோடி பார் மாடியில் நெத்திலிக் கருவாடு

நேற்று எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரே அமளி. மூன்றாவது மாடியில் எலி செத்துக் கிடக்கிறது என்றார் ஒருவர். இல்லை, சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டது என்றார் இன்னொருவர். நான் ஜன்னலைத் திறந்து மூக்கை நீட்டினேன். எலியாவது, குழாயாவது! யாரோ ஒரு புண்ணியவதி நெத்திலிக் கருவாடு பொரிக்கிறாள். அவளைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. வாசம் தீரும்வரை ஜன்னலோரமே நின்றேன். சொன்னால் சிரிப்பீர்கள், கண் கலங்கிவிட்டது.

தூத்துக்குடியிலிருந்து வேலைக்கென்று பெங்களூர் வந்த புதிதில் ஆடுகோடியில் ஒரு பெண்கள் பி.ஜி.யில் இருந்தேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆபீஸ். காலையில் கம்பெனி வண்டி வந்து சிக்னலில் அள்ளிக்கொண்டு போகும். வேலை பிடித்திருந்தது, ஊரும் பிடித்திருந்தது, சோறுதான் தொண்டையில் இறங்கவில்லை. சாம்பாரில் வெல்லம் போடுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே! அம்மா கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தை ஒருநாள் பிரித்தேன். பி.ஜி. ஆன்ட்டி "ஐயோ, பேடம்மா, பேடா!" என்று, வேண்டவே வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் அலறி, அதை மொட்டை மாடிக்குக் கடத்திவிட்டார். ஆடுகோடிக் காகங்களுக்கு அன்று நல்ல விருந்து.

சிக்னலுக்கும் பி.ஜி.க்கும் நடுவில் ஒரு 'பார் அண்ட் ரெஸ்டாரன்ட்'. சாயங்காலம் வண்டியிலிருந்து இறங்கி நடந்தால் அதன் அடுப்படியிலிருந்து அதே வாசம் வரும். எட்டு மாதம் எதிர்ப்பக்கமாகவே நடந்தேன். எங்கள் ஊர் பார்கள் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். இங்கோ 'மாடியில் ஃபேமிலி ரூம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. படித்தும் நான் நம்பவில்லை.

ஒருநாள் மழைக்கு அதன் வாசலில் ஒதுங்கினேன். சர்வர் ஒருவர் எட்டிப் பார்த்து, "ஃபேமிலி மாடில இருக்கு மேடம், வாங்க" என்றார்.

"நான் ஃபேமிலி இல்லண்ணா, ஒத்த ஆளு."

"பரவால்ல மேடம், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

பெங்களூர்க்காரர்கள் எதையும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வார்கள். மாடியில் ஒரு குடும்பம் பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சுடுசோறும் ரசமும், சின்ன வெங்காயமும் வரமிளகாயும் போட்டுப் பொரித்த நெத்திலியும் வந்தன. சமையல்காரர் செல்வம் அண்ணன் வேம்பார்க்காரர், எங்களுக்கு அடுத்த கடற்கரை. அப்புறம் சனிக்கிழமை மத்தியானம் என்றால் நான் அங்கேதான்.

நல்லது நிலைக்குமா? நான் பாரிலிருந்து வெளியே வந்ததை ஊர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை காலை பி.ஜி. வாசலில் அப்பா. கையில் ஒரு பெரிய பெட்டி. தூக்கிப் பார்த்தேன், காலி. என் சாமான்களை அடைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார்.

"பாருக்குள்ள இருந்து நீ வந்தியாமே. நெசமாளா?"

"நெசந்தான்ப்பா. ஒரு தடவ வந்து பாத்துட்டு, அப்புறம் கூட்டிட்டுப் போங்க."

அப்பா சாராயக் கடை இருந்தால் தெருவையே மாற்றிக்கொண்டு போகிறவர். படியேறும்போது சட்டைப் பையிலிருந்த ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டேதான் ஏறினார். இந்த ஒரு சாப்பாட்டை நம்பித்தான் என் வேலையே இருந்தது.

தட்டு வந்தது. ஒரு நெத்திலியை எடுத்து மென்றார். இன்னொன்று.

"மண்ணு கடிக்கலயே. வலை விரிச்சுக் காயப்போட்டதுல்லா இது" என்றார். கீழேயிருந்து செல்வம் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே ஏறி வந்தார். இருவரும் மீன்பாடு பற்றியும் கடற்காற்று பற்றியும் பேசத் தொடங்கினார்கள். நான் ஒருத்தி அங்கே இருப்பதே அப்பாவுக்கு மறந்துபோனது. அப்பாடா என்றிருந்தது.

பெட்டி காலியாகவே ஊருக்குப் போனது. பஸ் ஏறும்போது மட்டும், "அம்மாட்ட நல்ல ஓட்டல்னு சொல்லுதேன். பாருன்னு நீ வாயத் தொறக்காத, அவ தாங்க மாட்டா" என்றார்.

அதற்குப் பிறகு வருடம் ஒருமுறையாவது வருவார். என்னைப் பார்க்கவா, செல்வம் அண்ணனைப் பார்க்கவா என்று நான் கேலி செய்வேன். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைப்பேற்றுக்கு அம்மா இங்கே வந்து மூன்று மாதம் இருந்தாள். "அப்பாவும் மகளும் போற அந்த ஓட்டல் எங்க இருக்கு?" என்று கேட்டாள். "ரொம்பத் தூரம்மா" என்றேன். பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருந்த அப்பா பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். எங்களுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

கடைசித் தடவை அவருக்கு முட்டுவலி, படியேற முடியவில்லை. கீழே குடிக்கிறவர்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அடுத்த வருடம் அப்பா இல்லை. கொரோனாவுக்குப் பூட்டிய பார் பிறகு திறக்கவேயில்லை. செல்வம் அண்ணன் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவருடைய நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளாத என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன மாதம் அம்மா வந்திருந்தாள். "அந்த ஓட்டலுக்கு ஒருநா போவமாளா?" என்றாள். மூடிவிட்டார்கள் என்றேன். "எடத்தயாவது காட்டு."

காரில் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது அங்கே செல்போன் ஷோரூம். ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அம்மா கண்ணாடியை இறக்கி, மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

"அந்த பாரு இதுதானா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒனக்கு எப்படிம்மா..."

"மொதத் தடவ ஒங்கப்பா காலிப் பெட்டியோட ஊருக்கு வந்து எறங்குனாவல்லா, அன்னைக்கே எல்லாத்தயும் சொல்லிட்டாவ. சரி, நீயா ஒருநா என்னயும் வாம்மான்னு கூப்பிடுவன்னு இருந்தேன்."