மாமனார் பார்த்த இறங்குகோடு

இன்று காலை சூலூரில் மாமனார் வீட்டில் காபி. மனுஷன் சொந்தமாக விசைத்தறி ஓட்டுகிறவர். போனை என் பக்கம் நீட்டினார்.

"ஏனுங்க மாப்ள, இந்தக் கிரிப்டோ திட்டத்துல நல்ல வட்டி குடுக்கறாங்களாமா. போடலாமுங்களா?"

இப்படிப்பட்ட திட்டங்களில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று காட்டும் இணையதளம் ஒன்று உண்டு. அதில் திட்டத்தின் பெயரைத் தட்டினேன். வரைபடத்தில் போன மாதம் உச்சியில் இருந்த கோடு இன்று தரையில் கிடந்தது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லா எறங்கியிருக்குதுங்களே! நூல் வெல இப்படி எறங்குனாத்தான் நாங்க வாங்கிப் போடுவோம்."

"இது வெல இல்லீங்க மாமா. உள்ள இருக்கற பணம். போட்டவங்க எடுத்துட்டுக் கெளம்பிட்டாங்க."

காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"இதை யாரு வேணா பாக்கலாமுங்களா?"

"யாரு வேணாலும் பாக்கலாமுங்க."

"அப்ப, போன வாரம் நான் போட்டது உங்க அத்தைக்கும் தெரிஞ்சுபோகுமுங்களா?"

அந்தத் தளத்தில் யார் பெயரும் வராது. ஆனால் மிச்சம் இருப்பதை அவர் வெளியே எடுக்கும்வரை அதைச் சொல்வதாக இல்லை.

நான் செய்வது சரிதானே?