ஒப்புதல் பெற்ற கட்டில்

அரசுக் கொள்முதல் அலுவலகத்தில் அவரைச் சாவி என்றே கூப்பிடுவார்கள். மாதிரி அறையின் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. எதை வாங்கினாலும் அதில் ஒன்றை மாதிரியாக அரக்கு முத்திரையிட்டு அங்கே பூட்டிவைப்பார்கள். ஒப்பந்தக்காரர்கள் அதைப் பார்த்து அதேபோல் செய்து தரவேண்டும். சரக்கு வந்ததும் ஆய்வுக் குழு மாதிரியோடு ஒப்பிடும். கை சுத்தமானவர் என்று சாவிக்குப் பெயர் உண்டு. அதுவரை யாரும் வந்து எதையும் மாற்றச் சொல்லிக் கேட்டதில்லை என்பதும் உண்மை.

ஆஸ்பத்திரிக் கட்டில் ஒப்பந்தம் இருவருக்குப் பிரிந்தது. ஒருவர் பட்டறை வைத்திருக்கும் வெல்டர். இன்னொருவன் சாவியின் மனைவிக்குத் தம்பி.

மச்சான் சாப்பாட்டு நேரத்தில் வந்தான்.

"மாமா, குழாய் கொஞ்சம் மெல்லிசா போயிடுச்சு."

"கொஞ்சமா?"

"சரியாச் சொன்னா அக்கா அழுவா. சரக்கு திரும்பினா கருப்புப் பட்டியல்தான். அப்புறம் குடும்பத்தோட உங்க வீட்டுக்கு வந்துடுவேன், பரவாயில்லையா?"

"கட்டிலைத் திருத்தித் தொலையேன்டா."

"அத்தனையுமா? உள்ள இருக்கிற ஒண்ணை மாத்தினா போதுமே."

அரக்கும் முத்திரையும் சாவியின் மேஜை இழுப்பறையில்தான் இருந்தன. நல்ல கட்டில் மச்சானின் வண்டியில் போனது, மெல்லிசு ஒன்று முத்திரையோடு அதன் இடத்தில் நின்றது. குழு வந்தது, மச்சானின் சரக்கை ஒப்பிட்டது, கையெழுத்துப் போட்டது.

வெல்டரும் வருவார் என்பதை அவர் மறக்கவில்லை. கனமான கட்டிலை யார் வேண்டாமென்பார்கள் என்று தேற்றிக்கொண்டார்.

வெல்டரின் சரக்கு வந்த அன்று குழுத் தலைவி மாதிரியின் குழாயையும் அவருடையதையும் அளந்தார். "ஒத்துவரலையே."

"கனமாத்தானேம்மா இருக்கு?" என்றார் வெல்டர். "படுக்கிறவங்களுக்கு நல்லதுதானே?"

"நல்லதா கெட்டதான்னு பார்க்க என்னை அனுப்பலைங்க. மாதிரியோட ஒத்துப்போகணும், அவ்வளவுதான்."

வெல்டர் சாவியின் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இதையா எனக்குக் காட்டினீங்க? நான் படுத்துப் புரண்டு பார்த்தேனே. வீட்டுல இடமில்லையான்னு நீங்ககூட கேலி பண்ணீங்களே."

தலைவியும் திரும்பினார். "ஏங்க, இது மாறியிருக்க வழியிருக்கா?"

அரக்கில் ஒரு கீறல்கூட இல்லை.

"இல்லைம்மா," என்றார் சாவி. "இதேதான்."

வெல்டர் ஆட்களோடு சேர்ந்து கட்டில்களை லாரியில் திரும்ப ஏற்றினார். ஒன்று கை நழுவிச் சரிந்தது. சாவி ஓடிப்போய்க் கால்பக்கத்தைத் தாங்கிப் பிடித்தார்.

"கையை எடுங்க சார்," என்றார் வெல்டர்.